பசுவிடம் பாடம் கற்ற டாக்டர்

கன்று போட்ட பிறகுதான் பசுவின் மடியில் பால் சுரக்கும். ஜவ்வாது மலையில் மாடு மேய்க்கும் சிறுவனுக்கும் இது தெரியும். ஆனால் வயிற்றுக்குள் நடப்பது மடிக்கு எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்வியை ஒரு டாக்டர் விடாமல் யோசித்தார். மார்புப் புற்று நோய்க்குப் புது வழி பிறந்தது. அவர் பெயர் ஜார்ஜ் தாமஸ் பீட்ஸன்.

திருகோணமலையில் பிறந்தவர்

பீட்ஸன் 1848ஆம் ஆண்டு இலங்கையில் உள்ள திருகோணமலையில் பிறந்தார். தந்தை இராணுவ டாக்டர். மகனும் ஸ்காட்லாந்தில் டாக்டருக்குப் படித்தார். தாய்ப்பால் சுரப்பது பற்றி ஆராய்ந்து 1878இல் பட்டம் பெற்றார்.

சில நாடுகளில், கன்று போட்ட பசுவின் சினைப்பையை விவசாயிகள் எடுத்து விடுவார்கள். பசு நெடுநாள் பால் கொடுக்கும். இதை அறிந்ததும் பீட்ஸனுக்கு ஓர் உண்மை பளிச்சென்று தெரிந்தது. சினைப்பைக்கும் மார்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது!

உயிர் தந்த ஆபரேஷன்

1895ஆம் ஆண்டு, கிளாஸ்கோ நகரில் 33 வயதுப் பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். ஏற்கெனவே மார்பில் ஆபரேஷன் ஆகியும் புற்று நோய் திரும்பி வந்துவிட்டது. இனிக் கத்தி வைக்க முடியாத நிலை.

ஜூன் 15ந் தேதி பீட்ஸன் அவளுடைய சினைப்பைகளை அகற்றினார். எட்டு மாதத்தில் கட்டிகள் மறைந்தன! சாவை எதிர்பார்த்திருந்த அந்தப் பெண் சுமார் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தாள்.

மற்ற டாக்டர்களும் இதைச் செய்து பார்த்தார்கள். மூன்று பெண்களில் ஒருத்திக்குத்தான் பலன் கிடைத்தது. மற்ற இருவரும் வீணாக ஆபரேஷன் வேதனையை அனுபவித்தார்கள். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. பீட்ஸன் "சர்" பட்டம் பெற்றார், புகழ் பெற்றார். ஆனால் இந்தப் புதிருக்கு விடை தெரியாமலே 1933இல் காலமானார்.

பூட்டும் சாவியும்

விடையைக் கண்டவர் அமெரிக்க விஞ்ஞானி எல்வுட் ஜென்ஸன். சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்புநீர் ஊறுகிறது. அது சாவி மாதிரி. சில புற்றுக் கட்டிகளில் அதற்குப் பொருந்தும் பூட்டாக ஒரு புரதம் இருக்கிறது. சாவி நுழைந்தால் கட்டி வளரும். சாவியைத் தடுத்தால் கட்டி வாடும். பூட்டே இல்லாத கட்டிக்கு இந்த வைத்தியத்தால் பயன் இல்லை. ஜென்ஸன் 1950களின் கடைசியில் தொடங்கிய ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கியது.

இன்று திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் மார்புக் கட்டியோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால், கட்டியில் சிறு துண்டு எடுத்துப் பரிசோதிப்பார்கள். புற்று நோய் என்று தெரிந்தால், இந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஹெர்-2 என்ற வேறொரு புரதத்தையும் பார்ப்பார்கள். அது அளவுக்கு மீறி இருந்தால் கட்டி வேகமாக வளரும். அதை அடக்கவும் மருந்து உண்டு. நோயின் போக்கையும், எந்த மருந்து கேட்கும் என்பதையும் அறிய இந்த அளவுகள் உதவுகின்றன.

ஈஸ்ட்ரோஜன் பூட்டு இருக்கிறதா? அதை அடைக்க மாத்திரையே இருக்கிறது. பல பெண்களுக்குச் சினைப்பையை எடுக்க வேண்டியதில்லை.

மார்பில் கட்டி தென்பட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. வலி இல்லை என்று சும்மா இருக்கவும் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். பீட்ஸனிடம் அந்தப் பெண் வந்தபோது நோய் முற்றியிருந்தது. இன்று முன்னதாக வருகிறவர்களில் பலர் முழுக் குணம் பெறுகிறார்கள்.