பேச ஆளில்லாத மொழி எப்படி ஒலித்தது? விடை சொல்லும் ஆயர் வுல்ஃபிலாவின் கதை

ஐரோப்பாவின் பழைய மொழிகளில் ஒன்றான கோத்திக்கைப் பேச இன்று ஒருவர்கூட இல்லை. ஒலிப்பதிவுக்கும் வழியில்லை. ஆனாலும் அதன் எழுத்துகளைப் பெரும்பாலும் எப்படி உச்சரித்தார்கள் என்று மொழியியலாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். அது எப்படி? அதற்கு முக்கியக் காரணம், 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆயர் வுல்ஃபிலா.

யார் இவர்?

3-ஆம் நூற்றாண்டில் கோத்துகள் இன்றைய துருக்கியில் உள்ள கப்படோசியா பகுதியைச் சூறையாடி, கிறிஸ்தவர்கள் பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படிப் போன ஒரு குடும்பத்தின் வழியில், சுமார் 311-ல் டான்யூப் ஆற்றுக்கு வடக்கே பிறந்தவர் வுல்ஃபிலா. ஆனால் அவருடைய பெயர் என்னவோ அசல் கோத்திக்தான். 'குட்டி ஓநாய்' என்று அர்த்தம். கோத்திக், கிரேக்கம், லத்தீன் மூன்றிலும் பிரசங்கம் செய்யக்கூடியவர்.

நிகோமீடியாவின் யூசேபியஸ் இவரை ஆயராக்கினார். ஏழு ஆண்டுகளில் கோத்துத் தலைவர் ஒருவர் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்க, வுல்ஃபிலா தன் மக்களுடன் டான்யூபைக் கடந்தார். ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் இடம் கொடுத்தார். இன்றைய வட பல்கேரியாவில் குடியேறினார்கள்.

எழுத்து வந்த கதை

கோத்துகளிடம் ரூன் எழுத்து இருந்தது. ஆனால் அதில் புத்தகம் எழுதும் வழக்கம் இல்லை. பைபிளை மொழிபெயர்க்க நினைத்த வுல்ஃபிலா புது நெடுங்கணக்கையே உருவாக்கினார். மொத்தம் 27 எழுத்துகள், அதில் இரண்டு எண்களைக் குறிக்க மட்டும். பெரும்பாலானவை கிரேக்கத்திலிருந்து வந்தவை. சில லத்தீன், ரூன் சாயல் கொண்டவை. மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணையாக ஆட்கள் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

உச்சரிப்பு எப்படித் தெரிகிறது?

இங்கேதான் விஷயமே இருக்கு. வுல்ஃபிலா எழுத்தை மட்டுமல்ல, கிரேக்கர்கள் எழுதும் பழக்கத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். கிரேக்கத்தில் 'காமா' எழுத்து இரண்டு சேர்ந்து வந்தால் 'ங்க' என்று படிக்க வேண்டும். அதனால் கோத்திக்கில் தேவதூதனை 'அக்கிலுஸ்' என்பதுபோல எழுதினாலும், உச்சரிப்பு 'அங்கிலுஸ்'தான்.

பைபிளில் வரும் கிரேக்கச் சொற்கள் இன்னொரு சாவி. அந்தக் காலக் கிரேக்க உச்சரிப்பு நமக்குத் தெரியும். 'அப்போஸ்தலர்' என்ற சொல்லில் கிரேக்கத்தின் குறில் 'ஒ' வரும் இடத்தில், கோத்திக்கில் 'அ', 'உ' இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அப்படின்னா, அந்தக் கூட்டெழுத்துக்கு 'ஒ' ஒலி உண்டு என்று புரிகிறது.

எல்லாமே தீர்ந்துவிடவில்லை. அதே கூட்டெழுத்து சொந்தக் கோத்திக் சொற்கள் சிலவற்றில் 'ஔ' என்று ஒலித்ததா, நெடில் 'ஓ' போல ஒலித்ததா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது.

மிஞ்சியது என்ன?

ஆரிய மதம் என்று அழைக்கப்பட்ட, மகன் தந்தைக்குக் கீழ்ப்பட்டவர் என்ற கொள்கையை வுல்ஃபிலா ஏற்றிருந்தார். 381-ல் கான்ஸ்டான்டினோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் அதைக் கண்டித்தது. 383-ல் விவாதத்துக்காக அதே நகருக்குப் போன வுல்ஃபிலா, அங்கேயே இறந்தார். பின்னாளில் கோத்து அரசுகள் வீழ்ந்தன, அந்தக் கொள்கையும் மறைந்தது. கோத்திக் நூல்களைப் படியெடுக்க ஆளில்லாமல் போனது.

தப்பியதில் பெரியது, 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் எழுதப்பட்ட 'வெள்ளிச் சுவடி'. ஊதா நிறத் தோலில் வெள்ளி, தங்க மையால் எழுதப்பட்டது. 336 தாள்களில் 187 தாள்கள் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. இன்னொரு தாள் 1970-ல் ஜெர்மனியின் ஸ்பையர் பேராலயத்தில் கிடைத்தது. கோத்திக் ஒலியைத் தேடுபவர்கள் இன்றும் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்தத் தாள்களைத்தான்.