பெயர் மறைக்கப்பட்ட நிபுணர்

அண்ட வெளிக்கு யந்திரம் அனுப்பும்படி உத்தரவிடுவது எந்த ஸர்க்காருக்கும் எளிது. ஆனால் எவ்வளவு பாரம் ஏற்றலாம், எதை முதலில் பரீட்சிக்க வேண்டும் என்று நிர்ணயிக்கும் அறிவு உத்தரவினால் உண்டாவதில்லை. உலோகத்தோடும் நெருப்போடும் பழகிய என்ஜினீயரிடமே அது உண்டு. இதற்கு ஸெர்கேய் கொரோலெவின் சரித்திரமே தக்க சான்றாகும்.

ஜார் ஆட்சியிலிருந்த உக்ரேனில், ஜிட்டோமிர் நகரில், 1907-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி அவர் பிறந்தார். மாஸ்கோவில் விமான நிபுணர் டூபொலெவிடம் பயின்று 1929-ல் பட்டம் பெற்றார். 1933 ஆகஸ்டில் அவருடைய கோஷ்டியார் விட்ட ராக்கெட் சுமார் 400 மீட்டர் உயரம் எழும்பியது.

இத்தகையவரை 1938 ஜூனில் ஸோவியத் ஸர்க்கார் சதிகாரரென்று கைது செய்தது. அடித்து வாக்குமூலம் வாங்கிப் பத்து வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. கோலிமாவின் பனிப் பிரதேசத்துத் தங்கச் சுரங்கத்தில் அவர் பற்களை இழந்தார். உயிர் மட்டுமே தப்பியது. 1940-ல் அவரைச் சிறைக்குள்ளேயே இயங்கிய விமான நிர்மாண நிலையத்தில் அமர்த்தினர். அங்கே அவருடைய குரு டூபொலெவும் ஒரு கைதியே! 1944-ல் விடுதலை கிடைத்தது. அவர் நிரபராதி என்பதை ஸர்க்கார் ஒப்புக்கொள்ள 1957 ஆயிற்று.

அதே வருஷத்தில்தான் அவருடைய ஆர்-7 ராக்கெட் வெற்றி கண்டது. ஆகாயத்தின் உச்சியில் என்ஜின் தவறாமல் பற்றுமென்ற நிச்சயம் அக்காலத்தில் இல்லை. ஆகவே நடுப் பகுதியையும் பக்கப் பகுதிகள் நான்கையும் தரையிலேயே ஒருங்கே பற்ற வைத்தார். ஒரு டன்னுக்கு மேற்பட்ட ஆராய்ச்சிச் சந்திரனை அனுப்புவதே முதல் திட்டம். அதன் கருவிகள் தாமதப்படவே, 83.6 கிலோ எடையுள்ள எளிய கோளம் ஒன்று போதுமென்றார். அக்டோபர் 4-ந் தேதி அதுவே பூமியைச் சுற்றிய முதல் செயற்கைச் சந்திரனாயிற்று. பெரியது அடுத்த வருஷம் மே மாதம் சென்றது. எதைச் சேர்ப்பது என்பதைப் போலவே எதை விடுவது என்பதும் நிபுணன் அறிய வேண்டியதே.

1961 மார்ச்சில் பொம்மை மனிதனையும் நாயையும் ஏற்றி இரு முறை பரீட்சித்த பின்னரே, ஏப்ரல் 12-ந் தேதி ககாரினை அனுப்பினார். 108 நிமிஷத்தில் அவ்வீரர் மீண்டார். உலகம் வீரரைக் கொண்டாடியது. அனுப்பியவரின் பெயரை மட்டும் ஸர்க்கார் மறைத்தது. 1966 ஜனவரி 14-ந் தேதி அவர் இறந்த பின்னரே அது வெளியாயிற்று.

அவர் தொடங்கிய சந்திர யாத்திரை ராக்கெட்டின் முதற் பகுதியில் 30 என்ஜின்கள் இருந்தன. அவற்றைத் தரையில் ஒரு முறையேனும் ஒருசேர எரித்துப் பாராமல் அவஸரமாய் அனுப்பினார்கள். 1969 முதல் 1972 வரை விட்ட நான்கும் நாசமாயின. பரீட்சையை விட்டுவிட்டால் மேதையின் திட்டமும் நிலைக்காது.

அறிவாளியைச் சிறையிலிட்டும், அவன் பெயரை மறைத்தும், நேரத்தைக் குறைத்தும் வேலை வாங்கலாமென்று எண்ணும் ஆட்சி தன் வேரையே வெட்டிக்கொள்கிறது. நிபுணனுக்குச் சுதந்திரமும் அவகாசமும் உரிய புகழும் அளிக்கும் தேசமே உயரப் பறக்கும்.