உளப்பகுப்பாய்வு முன்னோடி கிரீந்திரசேகர் போஸ்

முன்னுரை

சங்கரன்கோவில், நெசவுக்கும் ஆடித்தபசுக்கும் பெயர்பெற்ற ஊர். இவ்வூர்ச் சங்கரநாராயணர் திருக்கோயிலில் கோமதி அம்மன் சன்னதியின் முன் சக்கர பீடம் ஒன்று உண்டு. மனம் கலங்கியோரை அழைத்துவந்து அதில் அமரச் செய்து வேண்டிக்கொள்ளும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. நம் சமுதாயத்தாரில் பலர் அத்தகையோரை இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துச் செல்வர். சமயம் வேறாயினும் துயரம் ஒன்றே. இறைவன்மீது வைக்கும் நம்பிக்கை ஆறுதல் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கலங்கிய அந்த மனம் என்ன சொல்ல விரும்புகிறது என்பதை அருகிலிருந்து கேட்பவர் யார் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. சங்க அக இலக்கியத்தில் தலைவி காதலால் மெலிகிறாள். காரணம் அறியாத தாய், முருகனால் வந்த அணங்கு எனக் கருதி, வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துகிறாள். உண்மை அறிந்தவள் தோழி ஒருத்தியே. உடனிருந்து கேட்டதனால் அவள் அறிந்தாள். அறிந்ததனால் அறத்தொடு நின்றாள். இன்று மனத்துயர் உற்றோருக்கு உரையாடல் வழியே துணைநிற்கும் கலையைத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்கிறோம். வள்ளலிடம் பரிசு பெற்றவன், வறுமையுற்ற மற்றொருவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை இலக்கியத்தை நினைவூட்டும் பொருத்தமான சொல் இது.

இஸ்லாமிய அறிவுலகும் இத்துறையை அறியாததன்று. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்கு நகரைச் சார்ந்தவரும் கி.பி. 934இல் மறைந்தவருமான அபூ ஸைத் அல்-பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். சினம், அச்சம், துக்கம், ஓயாத வீண் எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாது வரும் துக்கத்தையும் வேறுபடுத்திக் காட்டினார்.

இத்துணைப் பழமையான இக்கலை இன்று கல்லூரிப் பாடமாகியுள்ளது. இணையவழிப் பாடமாக வீட்டிலிருந்தே இதன் தொடக்கநிலைக் கோட்பாடுகளையும் திறன்களையும் கற்க இயலும். ஆசிரியரை நேரில் காணாது இத்தகைய கல்வியைக் கற்க முடியுமா என ஐயுறுவோர் உண்டு. அவ்வையத்திற்கு விடைபோல, ஒரு நூற்றாண்டுக்கு முன் நூல்களின் வாயிலாகவும் மடல்களின் வாயிலாகவும் மனத்தின் இயல்பைக் கற்று, இந்தியாவில் அத்துறைக்கு வித்திட்டவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். அவர்தம் வாழ்வைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

கிரீந்திரசேகர் 1887ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர் போஸ், பீகாரிலுள்ள தர்பங்கா அரசரின் சமஸ்தானத்தில் உயர் பொறுப்பு வகித்தவர், வேதாந்தத்தில் தோய்ந்தவர். தமையனார் இராஜசேகர் போஸ், பரசுராம் என்னும் புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்க மக்களைச் சிரிக்க வைத்தவர், வேதியியல் கற்றவர், 'சலந்திகா' என்னும் வங்க மொழி அகராதியைத் தொகுத்தவர். அறிவியலும் தாய்மொழிப் பற்றும் ஒருங்கே நிலவிய குடும்பத்தில் கிரீந்திரசேகர் வளர்ந்தார் எனலாம்.

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பயின்று, பின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இளமையிலேயே அறிதுயில் என்னும் ஹிப்னாடிசத்தில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. மருத்துவத் தொழிலில் இறங்கியபின், உடலில் குறை ஏதும் காணப்படாதபோதும் நோயால் வருந்துவோர் பலரைக் கண்டார். மருந்து கொடுத்து அனுப்பிவிட அவர் மனம் ஒப்பவில்லை. அவர்களைப் பேசவிட்டுக் கேட்கலானார்.

அக்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் துணைவேந்தர் சர் அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் உளவியலுக்குத் தனித்துறை கண்டது. மருத்துவராகப் புகழ்பெற்று வந்த போஸ் மீண்டும் மாணவரானார். 1917இல் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்று, அத்துறையிலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பிற்காலத்தில் அதன் தலைவராகவும் விளங்கினார். முப்பது வயதில், நடந்துகொண்டிருந்த தொழிலுக்கிடையே மாணவர் வரிசையில் அமர்ந்த அப்பணிவு, நம்மைப் போன்ற ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது.

வியன்னாவுக்குச் சென்ற நூல்

மனத்தின் ஆழத்தில் அமுக்கப்பட்ட ஆசைகளே பல நோய்களுக்குக் காரணம் எனக் கூறி, உளப்பகுப்பாய்வு என்னும் முறையை வகுத்தவர் வியன்னா நகர் மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு. அவர் நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் அன்று கல்கத்தாவில் அரிதாகவே கிடைத்தன. கிடைத்தவற்றைப் போஸ் தேடிப் படித்தார். படித்ததைத் தம் நோயாளிகளின் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அதன் விளைவே அமுக்கம் பற்றிய அவரது ஆய்வேடு. அதற்காகப் பல்கலைக்கழகம் 1921இல் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது. உளவியலில் இந்தியர் ஒருவர் இந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் பெற்ற முதல் முனைவர் பட்டம் இது என்பர்.

அவ்வாய்வு நூலாக வெளிவந்ததும் ஒரு படியைப் பிராய்டுக்கு அனுப்பினார். அதே ஆண்டு மே மாதம் மறுமொழி வந்தது. தொலைதூர நாடொன்றில் தம் கருத்துகள் இவ்வளவு செம்மையாக அறியப்பட்டிருப்பதைக் கண்டு வியப்பும் மகிழ்வும் அடைந்ததாகப் பிராய்டு எழுதியிருந்தார். அன்று தொடங்கிய மடற்போக்குவரத்து 1937 வரை நீடித்தது. எனினும் இருவரும் ஒருமுறையேனும் நேரில் சந்தித்ததில்லை. பிராய்டின் முகத்தைக் காணாத ஓவியர் ஜதீந்திர குமார் சென், அவர் இவ்வாறுதான் இருப்பார் எனக் கற்பனையில் வரைந்த படமொன்று கல்கத்தாவிலிருந்து வியன்னாவுக்குச் சென்றது. 1931இல் பிராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்குத் தந்தத்தாலான திருமால் சிலையொன்றும் சென்றது. அச்சிலையைப் பிராய்டு தம் மேசைமீதே வைத்துப் போற்றினார்.

1922இல் கல்கத்தா பார்சிபாகன் சந்தில் உள்ள 14ஆம் எண் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைப் போஸ் நிறுவினார். அனைத்துலகச் சங்கமும் அதனை ஏற்றுக்கொண்டது. கல்லூரி ஆசிரியர்களும் மருத்துவர்களும் ஒருங்கே அமர்ந்து மனத்தைப் பற்றி ஆராய்ந்த அச்சங்கத்திற்கு இறுதிவரை அவரே தலைவராக இருந்தார்.

ஆசானோடு மாறுபட்ட மாணவர்

நேரில் காணாத ஆசானைப் போஸ் போற்றினார். ஆனால் கண்மூடித் தொடரவில்லை. ஒவ்வோர் ஆசைக்கும் எதிரான ஆசை ஒன்று மனத்தில் உடன் உறைகிறது என்பதும், இரண்டும் மோதுவதாலேயே ஒன்று அமுக்கப்படுகிறது என்பதும் அவர் கண்ட கொள்கை. வியன்னாவில் காணும் மனநோய்க் கூறுகள் வங்கத்து நோயாளிகளிடம் அவ்வாறே காணப்படவில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். பிராய்டு அதனை முழுதும் ஏற்கவில்லை. இருப்பினும் கருத்து வேறுபாடு நட்பைக் குலைக்கவில்லை.

குடும்ப அமைப்பும் வளர்ப்பு முறையும் வேறான நாட்டில் மனத்தின் போக்கும் வேறுபடும் என்பதை அவர் நூலிலிருந்து கற்கவில்லை; எதிரே அமர்ந்த மனிதரிடமிருந்தே கற்றார். வெளிநாட்டுப் பாடநூல் கூறும் திறன்களை மனப்பாடம் செய்து அப்படியே நம் ஊரில் செலுத்த முனைவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த பெண்ணிடம், தனித்து வாழும் மேனாட்டாருக்குரிய தீர்வைச் சொல்லிப் பயனில்லை.

மருத்துவமனையில் ஓர் இடம்

1933ஆம் ஆண்டு போஸ் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநோய்க்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். பிற்காலத்தில் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது அதுவே. பொது மருத்துவமனையில் இத்தகைய பிரிவு இந்தியாவில் தொடங்கப்பட்டது அதுவே முதன்முறை. அதற்கு முன் மனநோய் எனில் மதில் சூழ்ந்த காப்பகமே கதி. காய்ச்சலுக்கு வருவோர் வரும் அதே வாயில் வழியே மனத்துயர் உற்றோரும் வரலாம் என்னும் நிலையை அவர் உண்டாக்கினார். 1940இல், தமையனார் இராஜசேகரின் உதவியோடு, லும்பினி பார்க் என்னும் மனநல மருத்துவமனையையும் நிறுவினார்.

இதன் அருமையை உணர நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தப்பி ஓட இயலாது மாண்டனர். இறந்தோர் 28 பேர். அவர்களை அங்குக் கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. வேறு வழி அறியாமையே அவர்களை அங்குக் கொண்டு சேர்த்தது. மனநோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்துள்ளது. நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்க, மனநோயை மட்டும் அவ்வறிவுரைக்கு விலக்காகக் கொள்வது முறையாகுமா? துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

கவிஞர் நஸ்ருல் இஸ்லாம்

போஸின் வாழ்வில் துயரமான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. வங்கத்தின் புரட்சிக் கவிஞரும், பின்னாளில் வங்காளதேசத்தின் தேசியக் கவிஞராகப் போற்றப்பட்டவருமான காஜி நஸ்ருல் இஸ்லாம், 1942ஆம் ஆண்டு ஜூலையில் திடீரென நோயுற்றார். பேச்சும் நினைவும் தடுமாறின. அவ்வாண்டிலேயே லும்பினி பார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாதங்கள் சில கடந்தும் நோய் தணியவில்லை. 1953ஆம் ஆண்டு இறுதியில் வியன்னா மருத்துவர்கள் ஆராய்ந்து, அது மூளையைச் சிதைக்கும் தீராத நோய் என அறிவித்தனர். சொல்லால் ஆளப் பிறந்த கவிஞர், 1976இல் மறையும்வரை பேச்சிழந்தே வாழ்ந்தார்.

செவி கொடுத்துக் கேட்பது பெருமருந்து என்பது உண்மை. ஆனால் எல்லா நோய்க்கும் அதுவே மருந்தாகாது என்பதும் உண்மை. ஆற்றுப்படுத்துவோர் தம் எல்லையை அறிந்து, உரிய மருத்துவரிடம் உரிய காலத்தில் அனுப்புதல் இன்றியமையாத கடமை என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

தாய்மொழித் தொண்டு

ஆங்கிலத்தில் ஆய்வுகள் எழுதிய போஸ், தம் மக்களுக்காக வங்க மொழியிலும் எழுதினார். கனவுகளைப் பற்றிய 'ஸ்வப்ன' என்னும் நூல் 1928இல் வெளிவந்தது. புராணங்களைப் பற்றியும் கீதையைப் பற்றியும் எழுதினார். சிவப்பெறும்புக்கும் கறுப்பெறும்புக்கும் நிகழும் போரைச் சிறுவர்களுக்கான கதையாகவும் புனைந்தார். 1947இல் 'சமீக்ஷா' என்னும் ஆய்விதழைச் சங்கத்தின் சார்பில் தொடங்கினார். 1953ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் இயற்கை எய்தினார்.

துன்பத்தை மனிதன் தாய்மொழியிலேயே உணர்கிறான். ஆகவே அதனைக் கேட்பவனுக்கும் அம்மொழி தேவை. ஈழத்தில் போரின் கொடுமையால் மனம் புண்பட்டோருக்காக யாழ்ப்பாண மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'மனவடு' என்னும் நூலைத் தமிழில் தந்தார். ஆற்றுப்படுத்துதலை உளவளத்துணை என அங்கு வழங்குகின்றனர். தமிழ்த்துறை மாணவர்க்கு இத்துறையில் இடமுண்டு என்பதற்கு இவையே சான்று. நெஞ்சு பதைக்கிறது, மனசு பாரமாயிருக்கிறது என நம் தாய்மார்கள் கூறும் சொற்களுக்குள் எத்தனை நோய்க்குறிகள் ஒளிந்துள்ளன என்பதைத் தமிழ் கற்றவரே நன்கு ஆய இயலும்.

முடிவுரை

தேர்வில் தோற்ற மாணவன், திருமணம் தள்ளிப்போகும் பெண், தறி நின்றுபோய்க் கடனில் மூழ்கிய தந்தை, பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றபின் தனித்திருக்கும் முதியவர் என மனம் வாடுவோர் நம்மைச் சுற்றிலும் உள்ளனர். அவர்கள் வாய் திறக்கும்போது நாம் செய்வது என்ன? பெரும்பாலும் அறிவுரை கூறத் தொடங்கிவிடுகிறோம். அல்லது ஈமான் குறைவு எனக் கடிந்துவிடுகிறோம். இடைமறியாது கேட்டல், குற்றம் சாட்டாதிருத்தல், கேட்டதை வெளியிடாது காத்தல், தம்மால் இயலாததை உரியவரிடம் ஒப்படைத்தல் ஆகிய நான்குமே இக்கலையின் அரிச்சுவடி. இவற்றை இணையவழியில் கற்கலாம். ஆனால் சான்றிதழோடு அக்கல்வி முடிவதன்று. துயருற்றவர் அருகே அமரும்போதுதான் அது தொடங்குகிறது.

இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை மாணவர்கள் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்வது நலம்; பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பது குறித்து ஜமாஅத் பெரியோர்கள் எண்ணிப் பார்த்தால் அதனினும் நலம்.

காணாத ஆசானிடம் கற்று, கண்ட மனிதர்க்கெல்லாம் செவி கொடுத்தவர் கிரீந்திரசேகர் போஸ். அவர் வழியில் நம் மாணவச் செல்வங்களுள் ஒருசிலரேனும் பிறர் துயர் கேட்கும் தோழியராகவும் தோழராகவும் உருவாக எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.