திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சினிமாக்காரர்

நம் கல்லூரியில் ஒவ்வொரு செட்டிலும் ஒருத்தராவது சினிமாவுக்குக் கதை வசனம் எழுதப் போறேன், டைரக்டர் ஆகப் போறேன் என்று கிளம்பாமல் இருந்ததில்லை. வீட்டில் திட்டு விழும். நாலு பேர் சிரிப்பார்கள். அப்படிக் கிளம்புகிற தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் நம் மாவட்டத்து மண்ணில் பிறந்த ஒருவரின் கதையை இந்த மலரில் சொல்லலாம் என்று தோன்றியது. அவரைச் சிறுகதை மன்னன் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். படம் எடுக்கக் கம்பெனி ஆரம்பித்தவர் என்பதைப் பாடப் புத்தகம் சொல்லாது. அவர்தான் புதுமைப்பித்தன்.

இங்கிருந்து சிதம்பரம் போய்க் கடலூர் பஸ் பிடித்தால் திருப்பாதிரிப்புலியூர். 1906 ஏப்ரல் 25-ல் அங்கே பிறந்தார். இயற்பெயர் விருத்தாசலம். பெயரைக் கேட்டாலே நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் என்று தெரியவில்லையா! சொந்த ஊர் என்னவோ திருநெல்வேலிதான். அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தார் உத்தியோகம் பார்த்தவர். அதனால் செஞ்சி, கள்ளக்குறிச்சி, திண்டிவனம் என்று இந்தப் பக்கத்து ஊர்களிலேயே பையனின் இளமைப் படிப்பு நடந்தது. எட்டு வயதில் தாய் பர்வதத்தம்மாளை இழந்தார். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அங்கே இந்துக் கல்லூரியில் படித்து 1931-ல் பி.ஏ. வாங்கினார். அப்போது வயது இருபத்தைந்து. அரியர் வைத்திருக்கும் தம்பிகள் ஆறுதல் அடையலாம். 1932-ல் திருவனந்தபுரத்துக் கமலாவோடு கல்யாணம். சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகாமல் பேனாவை நம்பிச் சென்னைக்கு வந்தார். மணிக்கொடி, ஊழியன், தினமணி என்று வேலை. 1943-ல் தினமணி ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் விலகியபோது இவரும் கூடவே விலகினார். பிறகு கொஞ்ச காலம் தினசரி. அதே 1943-ல்தான் காஞ்சனை, செல்லம்மாள், சாபவிமோசனம், கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கலைமகளில் வந்தன. ஒரு மனிதர் ஒரே வருஷத்தில் இவ்வளவும் எழுதினார் என்றால் நம்பவே முடியவில்லை. ஆனால் அந்த எழுத்தை வைத்துக்கொண்டு வீட்டு வாடகை கொடுக்க முடிந்ததா என்பதுதான் கேள்வி. விளம்பரம் எழுதிப் பிழைக்கிற எழுத்தாளர் முருகதாசரை ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் அவர் முன்னமே எழுதி வைத்துவிட்டார். அது பாதி சொந்தக் கதை என்றுதான் எனக்குப் படுகிறது.

சினிமாதான் அவரைக் கெடுத்தது, கொன்றது என்று மேடைகளில் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அன்றைக்கு எழுத்தாளனுக்குக் காசு என்று ஒன்று கண்ணில் படுகிற இடமே ஸ்டுடியோதான். மணிக்கொடிக் கூட்டாளி பி.எஸ். ராமையா அவருக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டார். அம்பிகாபதி, கண்ணகி படங்களால் இளங்கோவன் வசனகர்த்தா என்று பெயர் வாங்கியிருந்தார். ஆனால் அது விதிவிலக்கு. ஸ்டுடியோவில் எழுத்தாளர் என்றால் பெரும்பாலும் கதை இலாகாவில் உட்கார்ந்திருக்கும் ஒரு சம்பளக்காரர்தான். எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொள்வார்கள், மாற்றுவார்கள், மூட்டை கட்டியும் வைப்பார்கள். புதுமைப்பித்தன் ஜெமினியின் ஔவையார் படத்துக்கு எழுதினார். அந்தப் படம் திரைக்கு வந்தது 1953-ல், அவர் இறந்து ஐந்து வருஷம் கழித்து. அதைப் பார்த்தவர்கள் கே.பி. சுந்தராம்பாளின் குரலை நினைப்பார்கள், எஸ்.எஸ். வாசனின் செலவை நினைப்பார்கள். இவரை நினைப்பவர் யார்? காமவல்லி என்ற படத்துக்கும் எழுதினார்.

இப்படிக் கூலிக்கு எழுதிக்கொண்டே இருந்தால் ஆகாது, நாமே முதலாளி ஆவோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்தார். தாயின் பெயரைக் கவனித்தீர்களா? எடுக்க நினைத்த படத்தின் பெயர் வசந்தவல்லி. குற்றாலக் குறவஞ்சியின் நாயகி பெயர் அது. திருநெல்வேலிக்காரருக்குக் குற்றாலத்தை விட்டால் வேறென்ன தோன்றும்! படம் உருவாகவில்லை. கதை எழுத ஒரு பேனா போதும். ஆனால் படம் எடுக்க பிலிம், செட், நடிகர், அதற்கெல்லாம் வட்டிக்குப் பணம். கையில் பத்து ரூபாய் தங்காத மனிதர் அதில் இறங்கினார் என்றால் தைரியம் என்பதா, பேதைமை என்பதா? நான் தைரியம் என்றே சொல்லுவேன்.

பிறகு ராஜமுக்தி. லட்சுமிகாந்தன் கொலை வழக்கிலிருந்து 1947-ல் விடுதலையான எம்.கே. தியாகராஜ பாகவதர் சொந்தமாக எடுத்த படம். படப்பிடிப்பு புனாவில். வசனம் எழுதப் புதுமைப்பித்தனும் அங்கே போனார். மனைவியும் கைக்குழந்தையும் திருவனந்தபுரத்தில். புனாவில் காசநோய் முற்றியது. அந்த நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அமெரிக்காவில் கண்டுபிடித்து ஐந்து வருஷம்கூட ஆகவில்லை. நம் ஊரில் அது கிடைப்பதே குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலை கட்டாது. திருவனந்தபுரத்துக்குத் திரும்பி 1948 ஜூன் 30-ல் கண்ணை மூடினார். நாற்பத்திரண்டு வயது.

சில மாதங்களில் ராஜமுக்தி வெளிவந்தது. ஓடவில்லை. அடுத்த ஆண்டே அண்ணாவின் வேலைக்காரி, 1952-ல் கலைஞரின் பராசக்தி. எழுதியவர் யார் என்று கேட்டுக்கொண்டு ஜனங்கள் கொட்டகைக்குப் போகிற காலம் வந்தது. ஒரு நாலைந்து வருஷம் அவர் தாக்குப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பதுண்டு. ஒருவேளை அந்த அடுக்குமொழி அலையில் இவருடைய குத்தலான நடை எடுபடாமலும் போயிருக்கலாம். அவருக்குக் கைதட்டல் வாங்குகிற வாக்கியம் எழுத வராது, சுருக்கென்று தைக்கிற வாக்கியம்தான் வரும்.

மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்தன. சினிமாவுக்குப் போகிறவர்கள் அவருடைய கதைகளோடு அதையும் வாங்கிப் படிக்க வேண்டும். பணம் இதோ வருகிறது, அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்ற சமாதானங்கள் அதில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கிக் குடும்பத்துக்குத் தொகை கொடுத்தது 2002-ல். அவர் போய் ஐம்பத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.