சுழல்காற்றின் சுவடு தேடிய பின்லி

ஆய்வுகூடத்தில் அமர்ந்து இயற்கையை ஆராய்ந்தோர் பலர். அழிவு நிகழ்ந்த இடத்திற்கே சென்று, அதன் சுவடுகளை அளந்து அறிவை வளர்த்தோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் யோன் பாக் பின்லி.

இவர் 1854ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிக்கன் மாநிலத்திற் பிறந்தார். 1877இல் அந்நாட்டு இராணுவத்தின் சமிக்ஞைப் படையிற் சேர்ந்தார். வானிலையை அவதானிக்கும் பணி அக்காலத்தில் அப்படையின் பொறுப்பாய் இருந்தது. 1879 மே 29, 30ஆந் திகதிகளில் கன்சாஸ், நெபிராஸ்கா, மிசூரி, அயோவா மாநிலங்களை ரொர்னேடோ எனப்படும் கொடிய சுழல்காற்றுக்கள் தாக்கின. அவற்றை ஆராயுமாறு பின்லி அனுப்பப்பட்டார். சிதைந்த மனைகளையும் முறிந்த மரங்களையும் பார்வையிட்டார். அவை வீழ்ந்த திசைகளைக் குறித்தார். கண்டோர் கூறியவற்றைக் கேட்டெழுதினார். அவ்வறிக்கை 1881இல் வெளிவந்தது.

அவர் அத்துடன் அமைந்தாரல்லர். 1794 முதல் 1881 வரை வீசிய 600 சுழல்காற்றுக்களின் விவரங்களைத் திரட்டினார். அவற்றுட் பெரும்பாலன பிற்பகலில் எழுந்து, தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கிச் செல்வன எனக் கண்டார். செய்தி அனுப்புதற்கெனத் தொண்டர் 2,000 பேருக்கு மேல் நாடெங்கும் சேர்த்தார்.

1884இல் முன்னறிவித்தலைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார். அவர் செய்த 2,803 அறிவித்தல்களுள் 2,708 சரியாயின. இது நூற்றுக்கு 96.6 வீதமாகும். ஆயின் அறிஞர் சிலர் இக்கணக்கை மறுத்தனர். சுழல்காற்று வரும் என அவர் குறித்தவை 100. அவற்றுள் மெய்யானவை 28 மாத்திரமே. எந்நாளும் வாராது என்றே ஒருவன் கூறியிருப்பினும் 98.2 வீதம் சரியாகியிருக்கும் என்று அவர்கள் காட்டினர். மறுப்பு நியாயமானதே. எனினும், வாராது என்றே கூறுபவன் ஓர் உயிரையேனும் காத்தல் இயலுமோ?

மக்கள் பீதியுறுவர் என அஞ்சிய மேலதிகாரிகள், அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் அம்முயற்சியை நிறுத்தினர். ரொர்னேடோ என்னுஞ் சொல்லே முன்னறிவித்தல்களில் விலக்கப்பட்டது. பின்லி படைச்சேவையைத் தொடர்ந்து, பிற்காலத்தில் பிலிப்பைன் தீவுகளில் நிருவாகப் பதவி வகித்தார்.

1938இல் அத்தடை நீங்கியது. அதனைக் காணும்வரை அவர் வாழ்ந்திருந்தார், 1943இல் மறைந்தார். ஐந்தாண்டுகளின் பின், 1948 மார்ச் 25இல், ஒக்லகோமாவின் விமானப்படைத் தளமொன்றில் இரு அதிகாரிகள் சுழல்காற்றொன்றை முன்னறிவித்தனர்; அன்று மாலையே அது வந்தது. பின்லி விரும்பியது கைகூடுமென்பது அன்று உறுதியாயிற்று.

கணக்கிற் பிழை நேரலாம்; அதனைப் பிறர் திருத்துவர். களத்திற் சென்று கண்டெழுதிய குறிப்போ அழியாது நின்று பயன் தரும். மாணவர் இதனை மனங்கொள்வாராக.