கணினி மேதை ஆலன் டூரிங்



போன மாதம் கணக்கு டீச்சர் தன் செல்போனில் ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டைப் போட்டுக் காட்டினார். பெயர் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. 1990-இல் டாஸ் கம்ப்யூட்டருக்கு வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் சிப் வேற, செல்போனில் இருக்கும் சிப் வேற. ஒன்றின் கட்டளை மற்றதுக்குப் புரியாது. அப்புறம் எப்படி டீச்சர் ஓடுது என்று கேட்டேன். எமுலேட்டர் என்ற புரோகிராம் நடுவில் இருந்து, பழைய சிப்பின் கட்டளையை ஒவ்வொன்றாகப் படித்து, அந்தச் சிப் என்ன செய்யுமோ அதையே செய்து காட்டும் என்றார். ஒரு எந்திரம் இன்னொரு எந்திரம் போல நடக்க முடியும் என்று கணக்கால் நிரூபித்தவரைப் பற்றி எழுதச் சொன்னார். அவர்தான் ஆலன் டூரிங்.

பிறப்பும் இளமையும்

1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா ஜூலியஸ் நம் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா எத்தல் சாரா பிறந்ததே நம்ம போத்தனூரில்தான்! அம்மாவின் அப்பா சென்னை ரயில்வேயில் தலைமைப் பொறியாளர். ஆனால் ஆலன் இங்கே வளரவில்லை. அவரையும் அண்ணன் ஜானையும் இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் இந்தியாவில் இருந்தார்கள். என் அப்பா அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். நான் ஆயா வீட்டில் இருக்கிறேன். அதனால் இதைப் படிக்கும்போது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

1926-இல் புதுப் பள்ளியில் சேர வேண்டிய நாளில் நாடு முழுக்க வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. 13 வயது ஆலன் சுமார் 100 கிலோமீட்டர் சைக்கிளிலேயே போய்ச் சேர்ந்தார்! அவர் கையெழுத்து மோசம் என்று ஆசிரியர்கள் குறை சொன்னார்களாம். அங்கே கிறிஸ்டோபர் மார்கம் என்ற உயிர் நண்பன் கிடைத்தான். 1930-இல் அவன் காசநோயால் இறந்துவிட்டான். அந்தத் துக்கத்திலும் ஆலன் படிப்பை விடவில்லை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார்.

கண்டுபிடிப்பு

1936-இல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது கம்ப்யூட்டர் என்றால் தாளில் கணக்குப் போடும் ஆட்களைத்தான் சொல்வார்கள். எந்த எந்திரமாக இருந்தாலும் அது வேலை செய்யும் விதத்தை ஒரு நாடாவில் குறித்துக் கொடுத்தால், அதைப் படித்து அதே வேலையைச் செய்யும் ஒரே பொது எந்திரம் இருக்க முடியும் என்று காட்டினார். எமுலேட்டருக்கு அடிப்படை இதுதான். 2020-இல் ஆப்பிள் நிறுவனம் இன்டெல் சிப்பை விட்டு எம்1 சிப்புக்கு மாறியபோது, பழைய புரோகிராம்களை மொழிமாற்றி ஓட்ட ரோசெட்டா 2 கொடுத்ததும் இதே வழியில் வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போரில் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில், ஜெர்மனியின் எனிக்மா ரகசியச் செய்திகளைப் படிக்க பாம்ப் என்ற எந்திரத்தை வடிவமைத்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். செஸ் ஆட ஒரு புரோகிராம் எழுதினார். அதை ஓட்ட ஏற்ற கம்ப்யூட்டர் இல்லை. அதனால் 1952-இல் தாளை வைத்துக்கொண்டு தானே கம்ப்யூட்டர் மாதிரி ஒவ்வொரு கட்டளையாகப் போட்டுப் பார்த்து ஆடினார். ஒரு காய் நகர்த்த அரைமணி நேரம் போல ஆனதாம். கடைசியில் புரோகிராம் தோற்றுப்போச்சு!

சோக முடிவு

ஓர் ஆணை நேசித்தார் என்று 1952-இல் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அப்போது அங்கே அது குற்றம். சிறைக்குப் பதிலாக உடம்பையே மாற்றும் ஹார்மோன் மருந்து கொடுத்தார்கள். 1954 ஜூன் 7 அன்று சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41 தான். 2009-இல் பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-இல் அரசி பொதுமன்னிப்பு வழங்கினார். 2021-இல் 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லையே!

நண்பர்களே, நம் வகுப்பிலும் யாராவது வேற மாதிரி இருந்தால் கிண்டல் செய்கிறோம். நானும் செய்திருக்கிறேன். இனிமேல் செய்ய மாட்டேன். நீங்களும் செய்யாதீர்கள்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி