ஓய்விலும் ஓயாத மேதை

மார்கழிப் பனியில் ரயிலுக்கு ஓடும் கவரைப்பேட்டை மாணவர்களாகிய நமக்குக் குளிர்கால ஓய்வு என்பது புதுமையான செய்தி. அந்த ஓய்வையும் உழைப்பாக்கியவர் தாமஸ் ஆல்வா எடிசன்.

1847-இல் பிறந்த எடிசன் பள்ளியில் பயின்றது சில மாதங்களே. ரயிலில் செய்தித்தாள் விற்ற அச்சிறுவனே பின்னாளில் மின்விளக்கால் உலகப்புகழ் பெற்றார். முதல் மனைவியை 1884-இல் இழந்த அவர், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் வெப்பமான தென்கோடியில், புளோரிடாவின் ஃபோர்ட் மையர்ஸ் ஊரில், கடலை அடுத்த ஆற்றங்கரையில் நிலம் வாங்கினார். 1886-இல் மீனா மில்லரை மணந்து அங்கே அழைத்துச் சென்றார். 1901-க்குப் பின் பெரும்பாலான குளிர்காலங்களில் நியூஜெர்சியின் பனியை விட்டுத் தம்பதியர் அங்கு வந்து தங்கினர்.

மீன் பிடித்து மகிழ வந்த இடத்திலும் அவர் சிந்தை ஓயவில்லை. ஆசியத் தோட்டங்களிலிருந்து வரும் ரப்பர் போரினால் தடைப்பட்டால் நாடு என்னாகும்? இக்கவலையால் 1927-இல், எண்பதாம் வயதில், ரப்பர் தரும் செடியைத் தேடத் தொடங்கினார். பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் சோதிக்கப்பட்டன. இறுதியில் கோல்டன்ராட் என்னும் மஞ்சள் பூச்செடியைத் தேர்ந்தார். அது தொழிலாக மலருமுன் 1931-இல் மறைந்தார்.

அவ்வீட்டை மீனா அம்மையார் 1947-இல் அவ்வூருக்கே அளித்தார். நம் நாட்டிலிருந்து சென்ற ஆலமரம் ஒன்று அங்கே இன்றும் விழுதூன்றிப் படர்ந்து நிற்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை இருமுறை தவறினாலே சோர்ந்துவிடுகிறேன். அந்த எண்பது வயது மாணவரை நினைத்தால் நாணுகிறேன். மீண்டும் சோதனைக்குழாயை எடுக்கிறேன்.